பதினைந்து சுரங்களில் ஒரு தாலாட்டு



உங்கள் வீட்டு அலமாரியில் பழைய நகைப்பெட்டி ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமாவோ மச்சானோ வாங்கி வந்ததாக இருக்கலாம். மூடியைத் திறந்தால் சிறு பொம்மை ஒன்று சுழலும். மெல்லிய மணியோசையில் ஒரு மெட்டு கேட்கும். சாவி தளரத் தளர மெட்டும் தளர்ந்து, ஏதோ ஒரு சுரத்தின் நடுவில் நின்றுவிடும். "இன்னொரு தடவை" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எத்தனை தடவை சாவி கொடுத்தாலும் அதே மெட்டுதான்.

அந்த மெட்டு பெரும்பாலும் எங்கோ ஐரோப்பாவில் பிறந்ததாக இருக்கும். அதே பெட்டியில் உங்கள் உம்மா பாடிய தாலாட்டின் மெட்டு ஒலித்தால் எப்படியிருக்கும்? அதை அமைத்தவர் நீங்களே என்றால்?

"எங்களுக்கு இசை தெரியாதே" என்று உடனே சொல்வீர்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கவே இக்கட்டுரை. இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு என்பதை நாம் அறிவோம். அதில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அவரவர் தாம் மதிக்கும் ஆலிமிடம் தெளிவு பெறலாம். ஒரு சின்னஞ்சிறு பெட்டி மனிதனின் கற்பனையை எப்படித் தூண்டுகிறது என்பதையே இங்கே பார்க்கப் போகிறோம்.

தொரப்பள்ளித் தொட்டில்கள்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, இராஜாஜி பிறந்த ஊர். 1878 டிசம்பர் 10-ஆம் நாள் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக விளங்குகிறது. வாழ்நாளெல்லாம் வழக்குரைஞராகவும் அரசியல்வாதியாகவும் எழுத்தாளராகவும் இருந்த அவர், 87 வயதில் ஒரு காரியம் செய்தார். ஆங்கிலத்தில் ஒரு வேண்டுதல் பாடல் எழுதிக் கொடுத்தார். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடினார். இசையைத் தொழிலாகக் கொள்ளாதவரும் ஒரு பாட்டுக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்பதற்கு, அந்தச் சிற்றூர் தந்த சான்று இது.

இன்று அந்தப் பக்கமெல்லாம் ஆலைகளின் ஆட்சி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கும் எல்லைப்புறம் அது. பிழைப்புத் தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே நிறைய. வாப்பாவுக்கு இரவு ஷிப்ட். உம்மாவுக்குக் காலை ஷிப்ட். பிள்ளையைத் தாலாட்ட வேண்டிய நன்னிம்மா சொந்த ஊரில். தொட்டில் ஆடுகிறது, பாட்டு மட்டும் கைபேசியிலிருந்து வருகிறது.

இது எவருடைய குற்றமும் அன்று. வாழ்க்கை அப்படி அமைந்துவிட்டது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாலாட்டின் சொற்களையாவது யாரோ ஏட்டில் எழுதி வைத்திருக்கலாம். நன்னிம்மா பாடும் அந்த இழுப்பை, ஏற்றத்தை, இறக்கத்தை எழுதி வைத்தவர் யார்? அவர் கண்மூடினால் அந்த மெட்டும் அவருடனேயே போய்விடும்.

மெட்டை எழுதி வைக்க முடியுமா? முடியும். அந்த வித்தையின் வேரைத் தேடிப் போனால் பக்தாத் நகரில் போய் நிற்போம்!

பக்தாதின் மூன்று சகோதரர்கள்

ஒன்பதாம் நூற்றாண்டு. மூஸா இப்னு ஷாகிர் என்ற வானியல் அறிஞர் மறைந்தபோது அவருடைய பிள்ளைகள் மூவர் ஆதரவற்று நின்றனர். முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் என்ற அம்மூவரையும் கலீஃபா மஃமூன் தம் பொறுப்பில் ஏற்றுப் படிக்க வைத்தார். 'பனூ மூஸா' என்று வரலாறு போற்றும் அந்தச் சகோதரர்கள், 850-ஆம் ஆண்டை ஒட்டி 'கிதாபுல் ஹியல்' என்ற நூலை எழுதினர். ஏறத்தாழ 100 விந்தைக் கருவிகளின் அமைப்பு அதில் விளக்கப்பட்டுள்ளது.

அவர்கள் எழுதிய வேறொரு சிறு நூல்தான் நம் கதைக்கு முக்கியம். தானே இசைக்கும் கருவி ஒன்றைப் பற்றியது அது. நீரின் விசையால் ஓர் உருளை சுழலும். உருளையின் மேல் ஆங்காங்கே முட்கள். ஒவ்வொரு முள்ளும் ஒரு நெம்புகோலைத் தொடும். நெம்புகோல் புல்லாங்குழலின் ஒரு துளையைத் திறக்கும். எந்த முள் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப மெட்டு அமையும். முட்களின் இடத்தை மாற்றினால் வேறு மெட்டு!

பிறகு 1206-இல் அல்ஜஸரி என்ற பொறியியல் மேதை தம் பெருநூலை நிறைவு செய்தார். விருந்தினரை மகிழ்விக்கக் குளத்தில் மிதக்கும் படகு ஒன்றை அதில் வரைந்து காட்டினார். படகில் நான்கு இசைஞர் பொம்மைகள். உள்ளே சுழலும் தண்டின் முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகள் முரசு கொட்டும்.

நமக்கு அருகிலும் ஓர் இசைப்பொறி இருந்தது. ஓசூர்ப் பகுதி மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில், திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலியை அறிவீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும். அதன் பிடியில் கிடக்கும் வெள்ளையன் அலறுவான். புலியின் விலாவுக்குள் 18 விசைகள் கொண்ட சிறு ஆர்கன் ஒன்றும் உண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆயினும் அந்த ஆர்கன் தானாக மெட்டு இசைக்காது. ஒருவர் விசைகளை அழுத்த வேண்டும். பனூ மூஸாவின் உருளையோ மெட்டையே தன் மேனியில் எழுதி வைத்திருந்தது. வேறுபாடு விளங்குகிறதல்லவா? மெட்டை எழுதி வைக்கும் ஏடு அந்த உருளை.

சீப்பும் முள்ளும்

1796-இல் ஜெனீவா நகரக் கடிகாரக் கைவினைஞர் அந்துவான் ஃபாவ்ர், குழலுக்கும் மணிக்கும் மாற்றாக எஃகுப் பற்களை வைத்தார். நகைப்பெட்டியின் அடிப்பாகத்தைத் திறந்து பாருங்கள். தலைவாரும் சீப்பைப் போன்ற உலோகத் தகடு தெரியும். நீண்ட பல் தாழ்ந்த சுரம் தரும். குறுகிய பல் உயர்ந்த சுரம் தரும். உருளையின் முள் பல்லை மீட்டிவிட்டுப் போகும். பக்தாதில் பிறந்த முள்ளும் உருளையும் ஜெனீவாவின் சீப்போடு சேர்ந்து இசைப்பெட்டி ஆயின.

ஆனால் ஆலையில் பதித்த முள்ளை நாம் வீட்டில் மாற்ற இயலாது. அதற்கும் வழி பிறந்தது. இன்று இணையக் கடைகளில் கைப்பிடி வைத்த சிறு இசைப்பெட்டி விற்கிறார்கள். அதனுடன் கோடிட்ட கெட்டித்தாள் பட்டைகளும், துளையிடும் சிறு கருவியும் வரும். வேண்டிய இடத்தில் துளையிட்டுப் பட்டையைப் பெட்டிக்குள் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால், துளை வரும்போது அதற்குரிய பல் ஒலிக்கும். துளை இல்லாத இடம் மௌனம். அவ்வளவுதான் இலக்கணம்!

வேண்டா வெறுப்பாய்த் தொடங்கிய மேதை

"இத்தனை சிறிய பொருளுக்குப் பாட்டு அமைப்பதா?" என்ற சலிப்பு மாமேதைகளுக்கும் இருந்தது. வியன்னாவில் கடிகாரத்துடன் இணைந்த தானியங்கி ஆர்கன் ஒன்றுக்கு இசையமைக்க மொசார்ட்டிடம் கேட்டிருந்தனர். வேலை தமக்குப் பிடிக்கவில்லை என்றும், சிறு குழல்களின் கீச்சொலி குழந்தைத்தனமாக இருக்கிறது என்றும் 1790 அக்டோபரில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் நொந்துகொண்டார். வறுமை அவரை விடவில்லை, எழுதி முடித்தார். மறு ஆண்டில் இத்தகைய கருவிக்கு மேலும் இரண்டு உருப்படிகள் இயற்றினார். அவற்றை இன்று பெரிய ஆர்கன் கலைஞர்கள் விரும்பி வாசிக்கிறார்கள். அவருக்கு மூத்தவரான ஹைடனும் குழல் கடிகாரங்களுக்கென ஏறத்தாழ 30 சிறு உருப்படிகள் படைத்தார். நம் காலத்துக்கு வந்தால், 1975-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் இசைப்பெட்டிகளுக்காகவே 12 மெட்டுகள் எழுதினார்.

இங்கே ஒரு சுவையான பொருத்தம்! தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் 1984-இல் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை ஓசூரில்தான் எழுந்தது. தொலைக்காட்சியில் அந்தக் கடிகார விளம்பரத்தின் இசையைக் கேட்டிருப்பீர்கள். அது மொசார்ட்டின் 25-ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்தது. கடிகாரத்துக்கு இசை எழுதச் சலித்துக்கொண்டவரின் மெட்டே ஓசூர்க் கடிகாரத்தின் அடையாளமாயிற்று!

பதினைந்தே பற்கள்

எளிய பெட்டியில் இருப்பவை 15 பற்கள். ச ரி க ம ப த நி என்ற ஏழும் இரண்டு தாயியில் வந்து, மேலே ஒரு 'ச' கூடும். நம் இசையில் சங்கராபரணம் என்போமே, அதே சுரங்கள். இடைப்பட்ட அரைச்சுரங்கள் இல்லை. விரும்புவோர்க்கு 30 பற்கள் கொண்ட பெட்டியும் உண்டு. தொடங்குவோர்க்கு 15 போதும்.

"பதினைந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" ம-வையும் நி-யையும் விட்டுவிடுங்கள், மோகனம் கிடைக்கும். ம-வையும் த-வையும் விட்டால் ஹம்சத்வனி. பெட்டியின் 'ரி'யையே 'ச' என்று பாவித்துத் தொடங்கினால் கரகரப்பிரியா, 'ம'விலிருந்து தொடங்கினால் கல்யாணி, 'ப'விலிருந்து ஹரிகாம்போதி, 'த'விலிருந்து நடபைரவி. பல்லைத் தொடாமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றி இத்தனை நிறங்கள்! ஆனால் மாயாமாளவகௌளை எங்கிருந்து தொடங்கினாலும் கிடைக்காது. கிடைக்காது என்று தெரிவதும் ஒரு கல்விதான்.

நீட்டலும் குறுக்கலும் சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும் இப்பெட்டிக்கு வாரா. உரக்கவும் மெல்லவும் ஒலிக்கத் தெரியாது. மீட்டிய ஒலி சில விநாடிகளில் கரைந்துவிடும். இத்தனை இல்லாமைகள் இருப்பதனால்தான் இசை பயிலாதவரும் இதில் துணிந்து இறங்கலாம். பேரேட்டைக் கண்டு மிரளும் கை, சிறு சீட்டில் தயங்காமல் எழுதுமல்லவா? அதுபோலத்தான்.

தொட்டிலின் கணக்கு

வாருங்கள், ஒரு தாலாட்டு அமைப்போம்.

முதலில் நன்னிம்மாவைப் பாடச் சொல்லுங்கள். ஊரில் இருந்தால் தொலைபேசியிலாவது பாடச் சொல்லுங்கள். சொற்களை மறந்து மெட்டை மட்டும் நீங்கள் முணுமுணுத்துப் பழகுங்கள். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கவனியுங்கள்.

அடுத்தது தாளம். தொட்டில் ஒருமுறை போய்வரும் நேரத்தை ஆறு கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டம் ஒன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு 24 மில்லிமீட்டர். 16 ஆட்டங்கள் கொண்ட பாட்டுக்கு 38 சென்டிமீட்டரும் சிறிதும் தாள் வேண்டும்.

முதல் ஆட்டத்தில் முதல் கட்டத்தில் 'ப', நான்காவதில் 'த', ஐந்தாவதில் மீண்டும் 'ப'. இரண்டாம் ஆட்டத்தில் முதலில் 'க', நான்காவதில் 'ரி', ஐந்தாவதில் 'ச'. மற்றக் கட்டங்கள் வெறுமை. ஒவ்வோர் ஆட்டத்தின் முதல் கட்டத்திலும் அடித்தாயி 'ச' ஒன்றைச் சேர்த்துத் துளையிடுங்கள். பிள்ளையின் முதுகில் தட்டிக்கொடுக்கும் கையைப் போல அது ஒலிக்கும். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். ஆறே சுரங்களில் ஒரு தொட்டில் போய்வருவதைக் கேட்பீர்கள்.

இனி, பெட்டி கற்றுத்தரும் பாடங்கள்.

ஒரே சுரத்தை அடுத்தடுத்து மிக நெருக்கமாகத் துளைத்தால் இரண்டாவது ஒலிக்காமல் போகலாம். பல் மீண்டும் மீட்டப்படத் தயாராக வேண்டும். ஏறத்தாழ ஏழெட்டு மில்லிமீட்டர், அதாவது நம் கணக்கில் இரண்டு கட்டங்கள், தள்ளி வைப்பது நலம்.

'ஆராரோ' என்று நன்னிம்மா நீட்டும் இழுப்பை ஒற்றைத் துளையால் காட்ட முடியாது. கரையும் ஒலியைத் தாங்கிப் பிடிக்க, கீழ்த்தாயியில் துணைச் சுரம் ஒன்றை இரண்டு கட்டம் கழித்து வையுங்கள். அசைவைக் காட்ட விரும்பினால், மூலச் சுரத்துக்குச் சற்று முன்னே அடுத்த சுரத்தை ஒரு தொடுகையாக வையுங்கள். கமகம் வராது, அதன் சாயல் வரும்.

புதியவர் எல்லாரும் செய்யும் பிழை, எல்லாக் கட்டங்களையும் நிரப்புவது. கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல இருக்கும். பாதித் துளைகளை ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவால் மூடிப் பாருங்கள். பாட்டு தெளிந்து வரும். எங்கே துளைப்பது என்பதைவிட எங்கே துளைக்காமல் விடுவது என்பதில்தான் கலை இருக்கிறது.

தாளைப் புரட்டினால்

ஒரு பாட்டை அமைத்து முடித்ததும் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் தாளைத் தலைமாற்றிச் செருகுவார்கள். தடுக்காதீர்கள்!

பட்டையின் மேல்விளிம்பு கீழே வருமாறு புரட்டிச் செருகினால் ஏற்றம் எல்லாம் இறக்கமாகும். 15 சுரங்களின் நட்டநடுவில் இருப்பது நடுத்தாயி 'ச'. அது மட்டும் மாறாது. அதற்கு மேலிருந்த 'ரி', கீழிருக்கும் 'நி' ஆகிவிடும். 'க' இருந்த இடத்தில் 'த' ஒலிக்கும். 'ம' போய்ப் 'ப' வரும். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல இது. வால்புறத்தை முதலில் செருகினாலோ பாட்டு பின்னிருந்து முன்னாக நடக்கும். ஒரே தாள், நான்கு பாட்டுகள்!

பட்டையின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் முடிவில்லாத் தாலாட்டு. ஒட்டுமுன் ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பி ஒட்டினால், முதல் சுற்றில் நேர்ப்பாட்டும் மறுசுற்றில் அதன் நிழலும் மாறி மாறி வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட இனிய கணக்குப் பாடம் உண்டா?

பெட்டிக்குள் அடங்காதது

நாம் எதையும் மிகைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை. நீலாம்பரியின் நெளிவு இந்தச் சீப்பில் வாராது. நம் வீடுகளில் ஓதப்படும் முனாஜாத்துகளின் உருக்கம் வாராது. நன்னிம்மாவின் குரலில் இருக்கும் நடுக்கம், வெற்றிலை மணம், அவர் பிள்ளையின் பெயரைப் பாட்டுக்குள் நுழைக்கும் சாமர்த்தியம் எவையும் வாரா. ஆதலால் அவர் குரலைக் கைபேசியில் பதிவு செய்யவும் மறவாதீர்கள்.

"பதிவு செய்தால் போதாதா? துளையிடுவது எதற்கு?" என்று கேட்கலாம். பதிவைக் கேட்கிறவர் கேட்பவராகவே இருப்பார். துளையிடுகிறவரோ ஒவ்வொரு சுரத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். நன்னிம்மா மேலே போனது 'த' வரைதானா, 'நி'யையும் தொட்டாரா என்று மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் அதிலே கழியும். தாளில் பாட்டு ஏறி முடியும்போது, அது உங்கள் தொண்டையிலும் ஏறியிருக்கும். பிறகு பெட்டி உடைந்தாலும் கவலை இல்லை, நீங்களே பாடுவீர்கள்.

பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்கும் கைகள் ஓசூர்ப் பக்கத்தில் எத்தனையோ! அங்கே துளை எங்கே விழ வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும், கை கீழ்ப்படியும். இரவில் வீட்டுக்கு வந்து இந்தச் சிறு தாளை எடுத்தால், துளை எங்கே விழ வேண்டும் என்பதை அந்தக் கையே முடிவு செய்யும். கைப்பிடியை எவ்வளவு வேகமாகச் சுற்றுவது என்பதும் அதன் விருப்பம். பிள்ளையின் இமை தாழத் தாழச் சுற்றும் கையும் மெல்ல மெல்லத் தளரும். எந்தக் கைபேசிக்கும் தெரியாத தாளம் அது.

ஆதரவற்று நின்ற மூன்று சிறுவர்களை ஒரு கலீஃபா அரவணைத்தார். அவர்கள் வளர்ந்து ஓர் உருளையில் முள் பதித்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த வித்தை பதினைந்து பற்களாகச் சுருங்கி உங்கள் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேசும்போது நலம் விசாரித்த பின் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நன்னிம்மா, என்னைத் தொட்டிலில் போட்டு என்ன பாடுவீங்க? ஒரு தடவை பாடுங்களேன்." அவர் முதலில் வெட்கப்படுவார். பிறகு பாடுவார். பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.